கோடு சரியா வருது, படம் தட்டையா நிக்குது: ஆரம்பிக்கும்போதே என்ன பார்க்கணும்?

டூபி பென்சில் · ஞாயிறு இரவு

வணக்கம். வயசு 43, பினாங்கு பாயான் லெப்பாசில் ஃபேக்டரி வேலை, ஷிப்டு. பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன படம் வரையும் பழக்கத்தைப் போன வருஷம்தான் திரும்பத் தொட்டேன். வாட்டர்கலர். வார இறுதி வகுப்பு ஒன்றுக்கு நாலு மாசம் காசு கட்டினேன். காலண்டர் படத்தைக் கொடுத்து "இப்படியே இறக்குங்க" என்பார்கள். இறக்கினேன். ஒரு காட்சியின் முன்னால் போய் நின்றால் எதில் கை வைப்பது என்று மட்டும் கடைசிவரைக்கும் யாரும் சொல்லவில்லை.

இப்போது பிரச்சினை. ஜார்ஜ்டவுன் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் கோபுரத்தைக் கைப்பேசியில் எடுத்துவந்து மூன்று ஞாயிறு வீட்டில் உட்கார்ந்து வரைந்தேன். 38 சிலை இருக்கிறது என்பார்கள், ஒன்றையும் விடவில்லை. கோடு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. என் மகள் பார்த்துவிட்டு, "அப்பா, பிஸ்கட் டின் மூடி மாதிரி இருக்கு" என்றாள். கோபம் வரவில்லை. அப்படித்தான் இருக்கிறது. எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டினதுபோல ஒரே தளத்தில் நிற்கிறது. 24 கலர் பெட்டியில் இன்னும் எந்தக் கலரைப் போட்டால் எழுந்து நிற்கும்?

ரெண்டாவது காப்பி

38ஐயுமா? அண்ணே, நீங்க கும்பாபிஷேகக் கமிட்டியில சேர்ந்துடுங்க.

ஆயர் ஈத்தாம் டீச்சர்

தம்பி, அந்தப் படத்தை எத்தனை மணிக்கு எடுத்தீங்க?

டூபி பென்சில்

பகல் சாப்பாடு முடித்து வந்து எடுத்தது டீச்சர். ஒன்றரை இருக்கும்.

ஆயர் ஈத்தாம் டீச்சர்

அதுதான் விஷயம். ஒன்றரை மணிக் கோபுரத்தில் நிழல் எங்கே இருக்கும்? சிலைக்கு முகவாயின் கீழே ஒரு கீற்று, காலடியில் ஒரு கீற்று. வெயில் உச்சியிலிருந்து எல்லாவற்றின் மேலும் ஒரேயடியாக விழுகிறது. முழுசாக வெளிச்சத்தில் இருக்கும் பக்கமும் இல்லை, முழுசாக நிழலில் இருக்கும் பக்கமும் இல்லை. கலரில் கோளாறு இல்லை தம்பி. 24க்குப் பதில் 48 வாங்கினாலும் அந்தப் படம் எழுந்து நிற்காது.

நான் 31 வருஷம் இடைநிலைப்பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவள். தாளைக் கொடுத்ததும் பிள்ளைகள் முதலில் வரைவது கண்ணும் மூக்கும் ஜன்னல் கம்பியும். சின்னதைப் பிடித்துக்கொண்டு பெரிசைக் கோட்டை விட்டுவிடுவார்கள். நீங்கள் 38 சிலையைப் பிடித்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான்.

பெரிசு எது என்று தெரிய ஒரே வழி அரைக்கண்ணால் பார்ப்பது. வெயிலுக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்ப்போமே, அப்படி. இமை மயிருக்குள்ளே சிலை, மாலை, மின்கம்பி எல்லாம் கரைந்துபோகும். மிஞ்சுவது நாலு திட்டு: வானம் ஒன்று, கோபுரம் ஒன்று, பக்கத்து ஐந்தடிப் பாதையின் (கடைகளின் முன்னால் கூரை மூடின நடைபாதை) இருட்டு ஒன்று, தரை ஒன்று. அந்த நாலையும் 5 செ.மீ.க்கு 7 செ.மீ. கட்டம் போட்டு அதற்குள் வையுங்கள். மூன்றே தரம்: தாளின் வெள்ளை, நடுச் சாம்பல், நல்ல இருட்டு. கட்டம் ஒன்றுக்கு ஐந்து நிமிஷம். ரப்பர் கூடாது. ஆறு கட்டம் போட்டபிறகு இங்கே காட்டுங்கள். அதுவரை கலர் பெட்டி அலமாரியிலேயே இருக்கட்டும்.

நிழல்பிடிப்பவன்

டீச்சர் சொன்ன ஒன்றரை மணிக்கு ஒரு கணக்கு இருக்கு. நான் போட்டோ எடுக்கிற ஆள், வெயில் கணக்குதான் பிழைப்பு. நம்ம கடிகாரம் 120 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுது, பினாங்கு கிடக்கிறதோ 100 டிகிரியை ஒட்டி. 1982ல தீபகற்பத்துக் கடிகாரத்தை அரைமணி முன்னால தள்ளினதுல இருந்து இப்படி. அதனால சூரியன் நம்ம தலைக்கு மேல வர்றது 12க்கு இல்ல, ஒன்றேகாலை ஒட்டி. அண்ணன் சாப்பிட்டு வந்து நின்ன நேரம் அச்சு அசல் உச்சிவெயில்.

இன்னொன்னு. நாம 5.4 டிகிரி வடக்குல இருக்கோம். ஏப்ரல் முதல் வாரத்துலயும் செப்டம்பர் இரண்டாம் வாரத்துலயும் சூரியன் நட்ட நடுவா மேல வந்துடும். கம்பத்தை நட்டா நிழலே விழாது. வெளிநாட்டுக்காரங்க காணொளியில "மதிய வெளிச்சம் நல்லாருக்கு"னு சொல்றது அவங்க ஊர்ச் சாய்ந்த வெயிலுக்கு. நமக்கு ஆகாது.

கைப்பேசியையும் நம்பாதீங்க. எச்.டி.ஆர். என்ற பேர்ல இருட்டைத் தூக்கி, வெளிச்சத்தை அமுக்கி, எல்லாத்தையும் நடுவுல கொண்டுவந்து வைக்கும். கண்ணுக்குக் கிணறு மாதிரி இருந்த ஐந்தடி, போட்டோவுல சாம்பல் சுவர் ஆயிடும். எடுத்தே ஆகணும்னா அதை அணைச்சுட்டு, எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்கி, கறுப்பு வெள்ளையில எடுங்க.

ரெண்டாவது காப்பி

ஒன்றரை மணிக்கு அங்க நிழலும் கிடைக்காது, பார்க்கிங்கும் கிடைக்காது.

போர்டுகாரர்

எல்லாரும் வெளிச்சம் வெளிச்சம்னு அடிச்சுக்கிறீங்க. நான் எதிர்க்கரை பட்டர்வொர்த்ல நாற்பது வருஷம் கடைப் போர்டு எழுதினவன். கேட்கிறேன், கோலத்துல நிழல் எங்க இருக்கு? கோபுரத்துக்கு வர்ணம் அடிக்க ஊர்ல இருந்து வர்றாங்களே, அவங்க எந்த மணி வெயிலைப் பார்த்து அடிக்கிறாங்க? சாமி முகம் நீலம்னா மொத்தமும் நீலம்.

சையத் தாஜுதீனை எடுத்துக்குங்க. அழகன்குளத்துல பிறந்து, பினாங்குல வளர்ந்து, மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில படிச்சவர். அவர் படத்துப் பொம்பளைங்க மேல வெளியில இருந்து வெயில் அடிக்குதா? கோடு, நிறம், வளைவு. அதுலயே நிக்குது. நம்ம ஓவியர் சுவா தியான் தெங் பாத்திக் துணியில செஞ்சதும் அப்படித்தான். வெளிச்சம் ஒரு வழி. அது இல்லாம படமே இல்லைன்னு தம்பியைப் பயமுறுத்தாதீங்க.

ஆயர் ஈத்தாம் டீச்சர்

அண்ணே, பாதி ஒத்துக்கொள்கிறேன். தட்டையாக இருப்பது தப்பே இல்லை. தாஜுதீன் படம் தட்டையாக இருக்க வேண்டும் என்றே தட்டையாக இருக்கிறது. தம்பி படம் தெரியாமல் தட்டையானது. அதோடு தட்டையான படத்திலும் எது வெளிர், எது இருட்டு என்ற பங்கீடு இருக்கத்தான் செய்கிறது. செம்மண் தரையில் வெள்ளை மாவு, அதுதானே கோலம்? வெள்ளைத் தரையில் போட்டால் காணாமல் போய்விடும்.

பாத்திக் என்று சொன்னது ரொம்ப நல்லதாகப் போயிற்று. துணியில் முதல் வேலை என்ன? மெழுகு. எது வெள்ளையாக நிற்க வேண்டுமோ அதை மெழுகால் மூடிவிட்டுத்தான் சாயத்தில் முக்குவார்கள். சாயம் ஏறினபிறகு "ஐயோ, அந்த இடம் வெள்ளையாக இருந்திருக்கலாமே" என்றால் முடியுமா? வாட்டர்கலரும் அந்த ஜாதிதான். வெள்ளை என்பது தாள். அதை முதலிலேயே விட்டுவைக்க வேண்டும். தம்பி, உங்கள் படத்தில் விட்டுவைத்த வெள்ளை எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம்.

கடைசியாக ஒன்று அண்ணே, போர்டு எழுத்துக்கு நிழல் போடுவீர்களே, எந்தப் பக்கம்?

போர்டுகாரர்

இடது, கீழ்ப்பக்கம். எப்பவும் அதே பக்கம்.

...சரி டீச்சர், மாட்டிக்கிட்டேன்.

டூபி பென்சில் · புதன் அதிகாலை

நைட் ஷிப்டு ஓய்வு நேரத்தில் போட்ட ஆறு கட்டம் கீழே. விட்டுவைத்த வெள்ளையா? என் பழைய படத்தில் ஒரு அங்குலம்கூட இல்லை டீச்சர். வானத்துக்கும் நீலம் தடவியிருக்கிறேன்.

ஆறில் ஐந்தில் கோபுரம் நட்ட நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. பூஜையறைப் படம் மாதிரி. ஆறாவதை வலது பக்கம் தள்ளினேன், இடது பக்கம் காலியாகிவிட்டது. நெட்டில் "மூன்றில் ஒரு பங்கு" விதி என்று போட்டிருக்கிறார்கள். கட்டத்தை மூன்றாகப் பிரித்துக் கோட்டின்மேல் வைத்தால் போதுமா?

நிழல்பிடிப்பவன்

அந்த விதியை அந்தப் பேர்ல எழுதிவச்சவர் ஜான் தாமஸ் ஸ்மித்னு ஒரு இங்கிலாந்துக்காரர், 1797ல. பினாங்கை ஆரம்பிச்ச ஆங்கிலேயர் ஃபிரான்சிஸ் லைட் இங்க வந்து இறங்கி 11 வருஷம் கழிச்சு. நாட்டுப்புறக் காட்சி வரையிறவங்களுக்குச் சொன்னது. கைப்பேசியிலயும் கட்டம் போட்டுக் குடுத்துட்டான், அதனால வேதவாக்கு ஆயிடுச்சு. என் அனுபவம்: ஆரம்பத்துல நடுவை விட்டு நகர்த்தப் பழக உதவும். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

ஆயர் ஈத்தாம் டீச்சர்

நடுவில் வைப்பது பாவம் இல்லை தம்பி. நடுவில் வைத்துவிட்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விட்டால்தான் பூஜையறை. உங்கள் நாலாவது கட்டத்தைப் பாருங்கள். இடது ஓரத்தில் ஐந்தடித் தூண் ஒன்று பாதி தெரிகிறதே, தெரியாமல்தான் போட்டிருப்பீர்கள், ஆறிலும் நல்லது அதுதான். அந்தத் தூணை இன்னும் தடிமனாக்கி முழு இருட்டாக வையுங்கள். எதிர்ச்சாரிக் கடையின் ஐந்தடிக்குள் நின்றுகொண்டு கோயிலைப் பார்க்கிறோம்: நாம் இருட்டில், கோபுரம் வெளிச்சத்தில். காலியான இடப்பக்கத்துக்கு வேலையும் கிடைத்துவிட்டது, ஆழமும் வந்துவிட்டது.

மைலோ டப்பா அட்டையில் ஒரு சன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். தாளின் அளவுக்கு ஏற்ற விகிதத்தில் வெட்ட வேண்டும், அதுதான் முக்கியம். முழுத் தாள் 56க்கு 76 செ.மீ., நீங்கள் வாங்குவது அதில் கால்வாசியாக இருக்கும், 28க்கு 38. சன்னலை 5.6க்கு 7.6 என்று வெட்டினால் அதே விகிதம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அட்டையை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எங்கே நிறுத்துகிறீர்களோ அதுதான் காம்போசிஷன், படத்தின் அமைப்பு. மிச்சம் எல்லாம் பேச்சு.

நேரம் இருந்தால் யோங் முன் சென் (1896–1962) படங்களைத் தேடிப் பாருங்கள். பினாங்கில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த மனிதர். சட்டத்துக்குள் எதைச் சேர்ப்பது, எதை வெட்டுவது என்று அவருக்குக் கை அறியும். அவர் வாட்டர்கலரைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். தென்னை, படகு என்று பெயர் மறந்துபோய் திட்டுகள் மட்டும் தெரியும்.

செபராங் ஜெயா அம்மா

நானும் இப்படித்தான் மாட்டிக்கொண்டு நின்றவள். வெளியே போய் உட்கார வீட்டு வேலை விடவில்லை, சமையலறையிலேயே பழகினேன். ஒரு கோழிமுட்டை, ஒரு மேசை விளக்கு. டியூப் லைட்டை அணைத்துவிட வேண்டும், அது நாலாபக்கமும் அடித்து நிழலைத் தின்றுவிடும்.

முதல் நாள் செம்பை வைத்துத் தொலைத்தேன். பித்தளைச் செம்பில் ஜன்னல் தெரிகிறது, என் முகம் தெரிகிறது, அடுப்பு தெரிகிறது. பைத்தியம் பிடித்துவிட்டது. முட்டைதான் சரி.

முட்டையை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். வெளிச்சம் படும் பக்கத்திலிருந்து மெல்ல மங்கிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் நல்ல இருட்டு ஒரு வளையம்போல வரும். அதையும் தாண்டிப் போனால், கீழ் விளிம்பில் மறுபடி கொஞ்சம் வெளுக்கும். மேசையில் பட்ட வெளிச்சம் திரும்ப எகிறி முட்டையின் வயிற்றில் அடிக்கிறது. அடடா என்று அந்த வெளுப்பை நான் பளிச்சென்று போட்டுவிட்டேன். முட்டை தகர டப்பா ஆகிவிட்டது. நிழலுக்குள் இருக்கும் வெளுப்பு எவ்வளவு வெளுத்தாலும், வெயில் பக்கத்தின் மங்கலைவிட இருட்டாகத்தான் இருக்க வேண்டும். இதை எனக்குச் சொன்னது யாரும் இல்லை, 11 முட்டை. பன்னிரண்டாவது பொரியலுக்குப் போய்விட்டது.

விளக்கை இரண்டு மடங்கு தூரம் தள்ளினால் வெளிச்சம் பாதி ஆகாது, கால்வாசி ஆகிவிடும். தள்ளிப் பாருங்கள், வேறு முட்டை மாதிரி இருக்கும்.

டூபி பென்சில்

அக்கா, ஐந்தடியின் கூரையிலும் இதுதானா? நேற்று மார்க்கெட் ஸ்திரீட்டில் நடந்தபோது கவனித்தேன். வெயிலே படாத உட்கூரை ஒரு மாதிரி மஞ்சளாகத் தெரிந்தது.

செபராங் ஜெயா அம்மா

அதேதான் தம்பி. ரோட்டில் பட்ட வெயில் எகிறிப் போய்க் கூரையில் அடிக்கிறது. முட்டையின் வயிறுதான் அது.

போர்டுகாரர்

தம்பி, கோபுரத்தை ஒரு வாரம் விடுங்க. சாயங்காலம் ஏழு மணிக்குப் பட்டர்வொர்த் கரைக்கு வாங்க. தீவுக்குப் பின்னால சூரியன் இறங்கும். வானம் வெளிச்சம், மலை இருட்டு, கடல் நடுவுல. பினாங்கு மலை 833 மீட்டர் உயரம், அதுல ஒரு வீடு, ஒரு மரம் கண்ணுக்குத் தெரியாது. விவரம் போடணும்னு ஆசைப்பட்டாலும் முடியாது. மூணே தரம், பத்து நிமிஷம். நான் பாக்கெட் நோட்டுல போட்டதே நூறு இருக்கும். காலையில பார்த்தா அதே மலை வெறும் பச்சைச் சுவர், ஏன்னா அப்ப சூரியன் நம்ம முதுகுக்குப் பின்னால.

அப்புறம், கறுப்பு டியூபைத் தூக்கிப் போட்டுடுங்க. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்பும் சேர்த்தா நல்ல இருட்டு வரும், செத்த இருட்டா இருக்காது. போர்டுக்குக் கறுப்பு, படத்துக்கு இது.

ரெண்டாவது காப்பி

வெளிச்சம் வேண்டாம்னு சண்டை போட்டவர்தானே இவர்?

போர்டுகாரர்

ஒரு வழின்னுதான் சொன்னேன். அந்த வழியில நடக்க மாட்டேன்னா சொன்னேன்?

டூபி பென்சில் · ஞாயிறு மதியம்

போய் வந்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

7.40க்குக் கோயிலுக்கு எதிரே ஐந்தடியில் பூக்கார அக்காவிடம் கேட்டு ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கோயில் வாசல் கிழக்குப் பார்த்தது, வெயில் நேராக அடிக்கும் என்று நினைத்துப் போனால், கோபுரம் மொத்தமும் சாம்பல். எனக்கு முதுகுப் பக்கம் இருக்கும் மாடிக் கடைகள் மறைக்கின்றன. எட்டு மணி தாண்டித்தான் கலசத்தில் ஒரு பொட்டு வெயில் விழுந்தது. அதன்பிறகு வெயிலின் விளிம்பு திரைச்சீலையை இறக்குவதுபோல மேலிருந்து கீழே இறங்க ஆரம்பித்தது. முதலில் கலசம், பிறகு மேல் வரிசைச் சிலைகளின் தலை, தோள். கோட்டுக்கு மேலே எல்லாம் வெளுத்த பொன். கீழே எல்லாம் நீலம் கலந்த சாம்பல். இத்தனை வருஷம் இந்தத் தெருவில் மாலை வாங்கியிருக்கிறேன், இதைப் பார்த்ததே இல்லை.

மூன்று கட்டம் போட்டேன். மைலோ சன்னலில் தூணைச் சேர்த்து நிறுத்தினேன். வெயில் பட்ட பகுதியைத் தாளாகவே விட்டு, மிச்சத்துக்கு ஒரே சாம்பல் கழுவு, அதாவது தண்ணீராகக் கரைத்த ஒரு பூச்சு.

அங்கேதான் சொதப்பல் ஆரம்பம். மழைக்கு முந்தின புழுக்கம். கழுவு கால்மணி நேரம் ஆகியும் காயவில்லை. காய்வதற்குள் வெயில் இன்னொரு வரிசை இறங்கிவிட்டது. சரி என்று நிழல் விளிம்பைக் கீழே மாற்றினேன். மறுபடி இறங்கியது, மறுபடி மாற்றினேன். இப்போது கோபுரத்தில் இரண்டு மணி நேரத்து வெயில் ஒன்றாக இருக்கிறது. ஈரத்தில் நல்ல இருட்டாகத் தெரிந்த தூணும் காய்ந்ததும் வெளிறிப்போயிற்று.

எட்டே முக்காலுக்குக் காய்கறி லாரி ஒன்று வந்து நேர் எதிரே நின்றது. கோபுரத்தின் அடிப்பாகம் அவுட். அரைமணி நேரம் நகரவில்லை. வேறு வழியில்லாமல் லாரியையும் ஓர் இருட்டுத் திட்டாகப் போட்டுவிட்டேன். படம் கீழே.

நிழல்பிடிப்பவன்

அண்ணே, லாரிக்கு மேல கோபுரம் எழுந்து நிக்குது பார்த்தீங்களா?

ஆயர் ஈத்தாம் டீச்சர்

லாரியை அழிக்காதீர்கள். தூண் ஓர் இருட்டு, லாரி ஓர் இருட்டு, இரண்டும் கீழே சேர்ந்து எல் வடிவத்தில் வெளிச்சத்தைத் தாங்குகிறது. நானாக உட்கார்ந்து யோசித்திருந்தால்கூட அங்கே லாரியை நிறுத்தியிருக்க மாட்டேன்.

வெயிலைத் துரத்தினது எல்லாரும் செய்வதுதான். கட்டத்தில் 8.20க்கு எந்த விளிம்பைப் போட்டீர்களோ அதுவே கடைசிவரை. அதற்குப்பிறகு கோயிலைப் பார்க்க வேண்டியது நிறத்துக்கும் வடிவத்துக்கும் மட்டும். நிழலுக்குக் கட்டத்தைப் பாருங்கள். விளிம்பின் ஓரத்தில் மணியை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தூணைப் பொறுத்தவரை, ஈரத்தில் "ஐயையோ, அதிகமாகிவிட்டது" என்று பயப்படும் அளவுக்குப் போட்டால்தான் காய்ந்ததும் சரியாக இருக்கும்.

சிலைகளை எண்ணினேன். ஏழுதான் இருக்கிறது.

டூபி பென்சில்

ஏழிலும் நான்குக்கு முகம் இல்லை டீச்சர். மகள் பார்த்துவிட்டு, "இது எந்த நேரம், காலையா?" என்று கேட்டாள். டின் மூடி என்று சொல்லவில்லை.

செபராங் ஜெயா அம்மா

அதைவிட வேறென்ன வேண்டும் தம்பி!

போர்டுகாரர்

படம் நல்லாருக்கு. ஆனா லாரிக் கதவுல கடைப் பேர் எழுதியிருக்கீங்களே, எழுத்து எல்லாம் ஒரு பக்கமா சாயுது, பார்க்கவே கஷ்டமா இருக்கு. அடுத்த ஞாயிறு முதல் ஃபெர்ரி பிடிச்சு நானே வர்றேன். பூக்காரம்மாகிட்ட இன்னொரு ஸ்டூல் சொல்லிவைங்க.